மேட்டில் நட்ட ஒரே தென்னங்கன்று

மதினி,

இன்று காலையில் எழுந்து போய்ப் பார்த்தால் தென்னங்கன்றில் குருத்தைக் காணோம். சுற்றி நான் கட்டிய மூங்கில் தட்டி மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. பக்கத்தில் உங்கள் கறுப்பி ஆட்டின் பேத்தி, ஒன்றுமே தெரியாதவள் மாதிரி அசைபோட்டுக்கொண்டு நிற்கிறாள். வாயோரத்தில் ஒரு பச்சை நார் தொங்குகிறது. வந்த ஆத்திரத்தில் கம்பை ஓங்கினேன். அவள் முகத்தைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாளே, அச்சு அசல் நீங்கள்தான். கம்பைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆடு மேய்கிற மேட்டில் தென்னங்கன்றா என்று நீங்கள் அங்கிருந்தே கத்துவீர்கள், தெரியும். கத்துங்கள். போன மழையில் காய்ச்சல் வந்து நீங்கள் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். இங்கே நான் படுகிற பாடு உங்களுக்கு என்ன தெரியும்? ரங்கத் டவுனிலிருந்து நில ஆபீஸ்காரர்கள் மேட்டைப் பார்க்க வருகிறார்கள் என்று சேதி வந்தது. யாரும் அனுபவிக்காத நிலம் என்று பட்டால் கம்பி வேலி போட்டு மரம் வைத்துவிடுவார்களாம். பட்டணத்தில் அபர்டீன் பஜார்க் கடையில் நிற்கும் என் மகனுக்குப் போன் போட்டேன். "அம்மா, எதையாச்சும் நட்டு வையி. மரம் நின்னாத்தான் நம்ம எடம்னு நம்புவாங்க" என்றான். நட்டேன். அதைத்தான் உங்கள் செல்லம் தின்றுவிட்டது.

அவர்கள் வேலி போட்டுவிட்டால் ஆடு எங்கே போகும், சொல்லுங்கள். ஒரு பக்கம் காடு, அதற்குள் கால் வைத்தால் காட்டு இலாகாக்காரர்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இன்னொரு பக்கம் ரோடு. மிச்சமிருக்கும் பக்கத்தில் நம் வங்காளத்துத் தாதாவின் பாக்குத் தோட்டம். மேடு போனால் ஆடுகளை விற்றுவிட்டு, பட்டணத்துப் பக்கம் கராச்சர்மாவில் மகன் இருக்கிற வாடகை வீட்டில் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எனக்கு வேறு என்ன வேலை தெரியும்?

எல்லாம் உங்களால் வந்தது மதினி. சொன்னால் கோபம் வரும். வரட்டும்.

அண்ணனோடு கப்பல் ஏறி இந்தத் தீவுக்கு வந்தபோது ராமநாதபுரத்து ஆட்டுக்காரப் புத்தியையும் அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு வந்தீர்கள். மழை விட்ட மாதங்களில் அடுத்தவர் தோட்டத்தில் கிடை போடுவது. ராத்திரி மூங்கில் படலுக்குள் ஆட்டை அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் அவர் மண்ணுக்கு எரு, நமக்கு அரிசி. மற்ற மாதங்களில் இந்த மேடு. இங்கேயாவது ஒரு இடத்தில் இருக்க விட்டீர்களா? தரை சகதியாவதற்குள் படலைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடப்பீர்கள். காலில் அட்டை தொங்க, நான் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வருவேன்.

"ஏத்தா, ஒரே எடத்துல மிதிச்சா புல்லு செத்துப்போகும். அப்புறம் உன் தலையிலயா மேய விடுறது?" என்பீர்கள்.

அண்ணன் ஒருமுறை வரிசையாகத் தென்னை வைக்கலாம் என்று ஆசையாகக் கடப்பாரையோடு வந்தார். நீங்கள் அதைப் பிடுங்கிக்கொண்டீர்கள். "மேயிற எடத்துல குழியா? ஆட்டுக்குக் காலு முறியவா?" என்றீர்கள். பாவம், மனுஷன் வந்த வழியே திரும்பிப் போனார். அன்றைக்கு வைத்திருந்தால் இன்று காய்த்துக் குலுங்கும். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

தாதாவைப் பாருங்கள். அவர்கள் வங்காளப் பேச்சில் அண்ணன் என்று எல்லாரும் அப்படிக் கூப்பிடப்போய் அதுவே பேராகிவிட்ட மனுஷர். நாம் வந்தபோது அவர் பாக்குக்கன்றுகள் என் இடுப்புக்குக்கூட வரவில்லை. வருஷா வருஷம் நம் கிடையைக் கூப்பிட்டுப் போட்டுக்கொண்டார். இன்று அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த மரங்களைக் காட்டித்தான் அவர் பட்டா வாங்கினார். நம் ஆட்டு எருவில் வளர்ந்த மரம் அவருக்குச் சாட்சி சொல்லிற்று, நமக்குச் சொல்ல ஒரு செடி இல்லை. நல்ல மனுஷர்தான், திட்டவும் மனசு வரவில்லை.

பதினோரு மணிக்கு ஆபீஸ்காரர் வந்தார், சின்ன வயசுதான். மேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதர் துமாரா க்யா ஹை?" என்றார். இங்கே உன்னுடையது என்ன இருக்கிறதாம்.

"பக்ரி ஹை, சாப்" என்று ஆடுகளைக் காட்டினேன்.

அவர் சிரித்துவிட்டார். "பக்ரி தோ சல்த்தா ஹை. கடா ஹுவா சீஸ் திகாவ்." ஆடு நடந்து போய்விடும், நிற்கிறதைக் காட்டு என்கிறார். குருத்தில்லாத கன்றைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், கறுப்பியின் பேத்தியையும் பார்த்தார். எனக்கு மானம் போய்விட்டது.

தாதா ஓடி வந்து எனக்காகப் பேசினார். இந்தக் குடும்பம் ரொம்பக் காலமாக இங்கேதான் மேய்க்கிறது, இவர்கள் எரு இல்லாவிட்டால் என் தோட்டமே இல்லை என்று இந்தியில் அடித்துச் சொன்னார். ஆபீஸ்காரர் தலையை ஆட்டினார். தோட்டம் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அவரைப் பாராட்டினார். பிறகு என் கண் முன்னாலேயே, இந்தப் பச்சைப் புல்லின் மேல் நின்றுகொண்டே, "காலி ஜமீன்" என்று எழுதிக்கொண்டார். வெறும் நிலமாம்! எத்தனை மழையில் படல் சுமந்து வளர்த்த புல் மதினி இது! அடுத்த மாதம் மறுபடி வருவாராம். அதற்குள் ஏதாவது நின்றால் பார்க்கலாமாம்.

மகனிடம் சொன்னேன். "சிமெண்ட் தூண் நட்டு ஒரே எடத்துல கொட்டகை போட்டுரும்மா" என்றான். அவன் சொல்வது சரிதான். மதியம் முழுக்க எங்கே தூண் நடலாம் என்று மேட்டை அளந்து அளந்து நடந்தேன். உங்கள் பேச்சைக் கேட்டுக் கெட்டது போதும் என்று உங்களிடம் சத்தமாகவே சொன்னேன். ஆடுகள் திரும்பிப் பார்த்தன.

சாயங்காலம் கிடைக்குப் பக்கத்தில் போனால் தரை சகதியாகத் தொடங்கியிருந்தது. ஒரு கிடா வழுக்கி எழுந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் என்ன, படலைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு மேலே நல்ல புல் இருக்கும் இடத்துக்கு நடந்தேன். திரும்பி வந்து அந்தத் தென்னங்கன்றையும் பிடுங்கி எறிந்தேன். மண்ணைத் தள்ளிக் குழியை மூடி, சமமாகும் வரைக்கும் மிதித்தேன். ஆட்டுக்குக் கால் முறியுமே மதினி.