என் குழுவில் யார் யார்

பாஸ்டன், 20.2.1979

அய்யாவுக்கு, மகன் கோட்டைச்சாமியின் வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நம் கோயிலில் குடும்பங்கள் கரை கரையாகப் பிரிந்து நிற்பது போல, இங்கே ஒரே கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்களைக் குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் லிண்டா அம்மாள் நாலே வரியில் ஒரு கட்டளை எழுதினார். பெயரைத் தட்டினால் எந்தக் குழு, கூட யார் யார் என்று உடனே அச்சாகிறது. அசந்துபோனேன்! "இவுக எந்தக் கரை?" என்று யாராவது கேட்டால் கோயில் ஏட்டைப் புரட்டாமல் சொல்வீர்களே, அந்த வேகம்.

என் பெயரைத் தட்டினேன். என் குழுவில் நான் ஒருவன்தான். சிரித்துவிட்டேன். அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் தட்டினால் இரண்டு பெயர், அவரும் சேர்ந்திருந்தார்.

கவரில் கொஞ்சம் திருநீறு வைத்து அனுப்புங்கள். தபாலுக்கு நேரமாகிவிட்டது. பங்குனிப் பொங்கலில் நம் கரையை அழைக்கும்போது, ஊரில் இல்லையே என்று என் பெயரை விட்டுவிடாதீர்கள்.