அவர் இலைச் சோறு

அத்தைக்கு,

கர்த்தர் உங்களுக்கு ஆறுதல் தரட்டும்.

காரியத்தன்று உங்கள் மகன் படத்துக்கு முன்னால் நீங்கள் படைத்த சோற்றை நான் தொடவில்லை. “ஏஞ்சாமி, எம்பையனுக்கு வெச்ச சோறு உனக்கு ஆவாதா?” என்று கேட்டீர்கள். அது என்னை உட்காரவும் விடவில்லை, படுக்கவும் விடவில்லை. தறிச் சத்தத்திலும் அதுதான் கேட்கிறது.

படைத்ததைத் தின்றால் பாவம் என்கிறார்கள் சபையில். எனக்கு விடுதலை தந்த இயேசு, ஒரு இலைச் சோற்றுக்கா பயப்படச் சொல்வார்? ஜெபத்தில் கேட்டேன். உங்கள் முகம்தான் வந்தது.

அமாவாசைக்குத் திருச்செங்கோட்டு பஸ்ஸில் வாரேன். படத்தைக் கும்பிட மாட்டேன், அதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கும்பிட்டு முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

எனக்கென்று படைப்பதற்கு முன்னாடியே தனியாக எடுத்து வைக்க வேண்டாம், அத்தை. அவர் இலையிலிருந்தே போடுங்கள்.

இப்போதும்
உங்கள் மருமகள்