கண்ணாடி முன் பாடம்

என்னங்க,

பாப்பாவுக்கு ஃப்ரெண்ட்ஸ் யாராவது கிடைச்சாங்களான்னு கேட்டிருந்தீங்க. கிடைச்சிருக்காங்க. எழுத்துதான் மண்டையில ஏற மாட்டேங்குதே தவிர, நாம கண்ணாடி முன்னாடி நிறுத்திச் சொல்லிக் கொடுத்த எதையும் அவ மறக்கலை. முகத்தைப் பார்த்துப் பேசறா, சிரிக்கிறா, தேங்க்ஸ் சொல்றா.

நேத்து அந்த ஃப்ரெண்ட்ஸ் அவளை ஸ்கூல் பாத்ரூம்ல வெச்சுப் பூட்டிட்டாங்க. ஆயாம்மா வந்து திறந்துவிட்டதும், வெளியே நின்ன அதே பிள்ளைங்களைப் பார்த்துச் சிரிச்சு, "தேங்க்ஸ், நாளைக்கும் விளையாடலாமா?"ன்னு கேட்டாளாம். "எவ்வளவு நல்லாப் பழகறா, பாருங்க"ன்னு டீச்சர் பூரிச்சுப் போறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி கண்ணாடி முன்னாடி நிறுத்தினேன். "யாராவது பூட்டினா, வேணாம்னு கத்தணும். எங்கே, கத்து"ன்னேன்.

என் முகத்தைப் பார்த்து, அழகாச் சிரிச்சு, "வேணாம், தேங்க்ஸ்"ங்கிறா.

பாப்பாவோட அம்மா