எரியாத கட்சியின் பதில்

ஆயர் மாஸ் தோட்டம்,
கோல சிலாங்கூர்.
10.2.2025

அன்புத் தங்கை கங்காவுக்கு,

அண்ணன் காளியண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அவளுடைய முட்டிவலி மட்டும் மூன்றாவது ஆளாக எங்களோடு குடியிருக்கிறது. செரண்டாவில் நீயும் மகள் மாலாவும் எப்படி இருக்கிறீர்கள்? ஃபேக்டரியில் உன்னை இன்னும் நின்றுகொண்டே வேலை செய்யச் சொல்கிறார்களா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கென்று கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். அதோடு, மாசி பிறக்கும்போது, மன்மதன் எரிந்தான் என்று பாடும் எரிந்த கட்சி, எரியவில்லை என்று பாடும் எரியாத கட்சிக்குக் கடிதம் போடுவது நம் தோட்டத்து வழக்கம். அடுத்த வீட்டில் இருந்தாலும் தபாலில்தான் போகவேண்டும். உன் வீட்டுக்காரர் சேது மச்சானுக்கு வருஷா வருஷம் நான் எழுதுவது உனக்கே தெரியும். 'உம்முடைய மன்மதனைச் சாம்பலாக்க வருகிறோம், டேப்பைத் துடைத்து வையும்' என்பேன். அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் அவர் தன் டேப்பு மேளத்தை எடுத்துத் தட்ட ஆரம்பித்துவிடுவார்.

ஐப்பசியில் அவர் போய்விட்டார். இனி யாருக்கு எழுதுவது?

அதனால் இந்த வருஷம் லாவணிப் பாட்டு வேண்டாம் என்று கோயில் தலைவர் குமரவேலிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் பிறையில் காமன் கம்பம் நடுவோம். சுங்கை பஞ்சாங்கிலிருந்து வைக்கோல் வந்துவிட்டது, ஆமணக்குக் கிளையும் கரும்பும் சொல்லிவைத்தாயிற்று. தீபன் ரதி வேஷம் கட்டுகிறான். பௌர்ணமியன்று எரித்து, மூன்றாம் நாள் பால் தெளித்து எழுப்பிவிடுவோம். பாட்டுப் போட்டி மட்டும் கிடையாது. எதிரே மச்சான் இல்லாமல் 'எரிந்தான், எரிந்தான்' என்று நான் எப்படிப் பாடுவேன் கங்கா? சுங்கை செம்பிலாங் கடலில் அவர் சாம்பலைக் கரைத்த கை இது.

அவருடைய டேப்பை மட்டும் பத்திரமாக வை.

உன் அண்ணன்,
காளியண்ணன்


செரண்டா,
16.2.2025

எரிந்த கட்சி வாத்தியார் அவர்களுக்கு,

எரியாத கட்சி வாத்தியார் கங்கா சேது வணக்கத்துடன் எழுதுவது.

அண்ணே, முதல் வரியைப் படித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பீர்கள். சரியாகத்தான் படித்தீர்கள். அண்ணிக்கு முட்டியில் எருக்கிலை வாட்டிக் கட்டச் சொல்லுங்கள். நாங்கள் நலம். இப்போது எனக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலைதான்.

டேப்பைப் பத்திரமாக வை என்கிறீர்களே, அது என்ன பெட்டியில் வைக்கும் நகையா? வெயிலில் காட்டித் தோலை முறுக்கேற்றித் தட்டிக்கொண்டிருக்கிறேன். கீழ்மாடியில் இருக்கும் சீன ஆன்ட்டி மேலே வந்து, வீட்டில் கல்யாணமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அவர் வீட்டில் பாடிப் பழகும்போது எதிர்ப்பாட்டுப் பாடியது யார்? நான்தான். ஒவ்வொரு மாசியும் சமையலறையில் நின்று எரிந்த கட்சிப் பாட்டை நான் பாடுவேன், வெங்காயம் உரித்துக்கொண்டே அவர் அதை உடைப்பார். சில நாள் நான் அவரை மடக்கிவிடுவேன். அன்றைக்கு மனிதர் சோற்றில் கைவைக்காமல் யோசித்துக்கொண்டிருப்பார். மறுநாள் பதிலோடு வருவார். உங்கள் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். அதிலுள்ள ஓட்டைகளும் மனப்பாடம்.

இந்த வருஷம் எரியாத கட்சிக்கு நான் பாடுகிறேன். முறைப்படி கடிதம் அனுப்புங்கள்.

தங்கை,
கங்கா


ஆயர் மாஸ் தோட்டம்,
21.2.2025

அன்புள்ள கங்காவுக்கு,

உன் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். 'பிறந்த வீட்டுப் புத்தி எங்க போவும்' என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குமரவேலிடம் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கோபப்படாதே. 'வருசம் திரும்பல. தாலி எறக்குன பொம்பள காமன் கம்பத்துக்கிட்ட வந்து நிக்கலாமா? ஊருக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருண்ணே பதில் சொல்றது?' கெட்ட மனுஷன் இல்லை அவர். மச்சானுடைய பாடைக்குத் தோள் கொடுத்தவர். ஆனாலும் பயப்படுகிறார்.

அவரை விடு. என்னைச் சொல். என் கட்சிப் பாட்டு உனக்கு மனப்பாடம் என்கிறாய். அப்படியானால் அதில் எத்தனை இடத்தில் சாம்பல் வருகிறதென்றும் தெரியும். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைப் பாட எனக்கு நாக்கு வராது. கல்நெஞ்சனுக்கும் வராது.

அவ்வளவு ஆசையென்றால் ஒன்று செய்யலாம். குமரவேலைச் சமாதானப்படுத்திவிடுகிறேன். நீ வா. ஒப்புக்கு நாலு பாட்டுப் பாடுவோம், நான் நடுவில் பதில் தெரியாத மாதிரி நிறுத்திக்கொள்கிறேன். ஜெயித்துவிட்டுப் போ. ஊரும் சந்தோஷப்படும், மச்சான் பெயரும் நிற்கும்.

அண்ணன்,
காளியண்ணன்


செரண்டா,
24.2.2025

அண்ணனுக்கு,

ஒப்புக்குப் பாடும் பாட்டுக்கு டேப்பு எதற்கு? தகர டின்னைத் தட்டினால் போதாதா?

குமரவேல் அண்ணனுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். நான் சண்டைக்கு எழுதவில்லை, கேட்பதற்கு எழுதுகிறேன். காமன் பண்டிகை எங்கிருந்து வந்தது? சிவனுடைய தவத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை அனுப்பினார்கள். வேண்டாம் என்று ரதி தடுத்தாள், அவன் போனான், மலரம்பை விட்டான். சிவன் நெற்றிக் கண்ணைத் திறந்தார். அனுப்பிய தேவர்கள் யாராவது வாயைத் திறந்தார்களா? தாலியை இழந்தவள்தான் நேரே கயிலாயத்துக்குப் போனாள். வருஷம் திரும்பட்டும் என்று வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாளா? அழுத கண்ணோடு போய் சிவனிடமே வழக்காடினாள். மன்மதன் உன் கண்ணுக்கு மட்டும் தெரிவான் என்று வரம் வாங்கிக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் நீங்கள் பால் தெளித்து எழுப்புவது அவள் வாங்கிய வரத்தைத்தான்.

இந்தப் பண்டிகையே தாலி இறக்கியவள் போட்ட வழக்கு. தீபன் சேலை கட்டி, மீசையை எடுத்துவிட்டு, ரதியாக நின்று ஒப்பாரி வைக்கலாம், அதற்கு ஊரே அழும். உண்மையாகவே இழந்த ஒருத்தி வந்து நின்றால் ஊருக்கு ஆகாதா? இதற்கு அவர் பதில் சொன்னால் நான் வரவில்லை.

இனி உங்களுக்கு. சாம்பல் என்ற வார்த்தை கேட்டு நான் உடைந்துவிடுவேன் என்று நினைக்கிறீர்கள். ஊரில் எல்லாரும் என் முன்னால் அவர் பேச்சையே எடுப்பதில்லை அண்ணே. அதுதான் தாங்கமுடியவில்லை. அவரை எதிர்த்து யாராவது சத்தமாகப் பாடினால் அவர் இருக்கிற மாதிரி இருக்கும். அவரிடம் எப்படிப் பாடினீர்களோ அப்படி என்னிடம் பாடுங்கள். ஒரு சொல் விட்டுக்கொடுத்தீர்கள் என்று தெரிந்தாலும் உங்கள் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன். நம் அப்பா மேல் ஆணை.

எரியாத கட்சி,
கங்கா


ஆயர் மாஸ் தோட்டம்,
26.2.2025

எரியாத கட்சி வாத்தியார் கங்கா சேது அவர்களுக்கு,

உம்முடைய மன்மதனைச் சாம்பலாக்க வருகிறோம். டேப்பைத் துடைத்து வையும்.

எரிந்த கட்சி வாத்தியார்,
காளியண்ணன்

பின்குறிப்பு: குமரவேல் கடிதத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போனார். சாயங்காலம் வந்து, 'தங்கச்சிக்கு எந்தப் பக்கம் நாக்காலி போடணும்?' என்று கேட்டார்.


ஆயர் மாஸ் தோட்டம்,
18.3.2025

அன்புத் தங்கை கங்காவுக்கு,

நீ ஊர்போய்ச் சேர்ந்ததை மாலா சொன்னாள். நாற்காலியில் இருந்த உனக்குத் தெரியாதது சிலவற்றை எழுதவேண்டும்.

பௌர்ணமியன்று மாலை நீ டேப்பை எடுத்து முதல் தட்டுத் தட்டியபோது என் பக்கம் இருந்த பையன்கள் சிரித்தார்கள். இரண்டாம் பாட்டில் சிரிப்பு நின்றது. ரதி வேஷத்தோடு நின்ற தீபன் என் காதில், 'மாமா, ஆன்ட்டி ஒங்கள விடமாட்டாங்க போல லா' என்றான். உன் அண்ணி, 'நம் வீட்டுப் பெண்' என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறாள்.

நீ கேட்டபடியே பாடினேன். மச்சானிடம் பாடாத பாட்டையும் பாடினேன்.

'கண்ணெதிரே சாம்பலுண்டு, காட்டுகிறேன் வாருமம்மா
கண்டவர்கள் யாருமுண்டோ காமனையே, கூறுமம்மா'

பாடி முடித்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் கொளுத்தி வைத்திருந்த தீப்பந்தத்தைப் பார்த்தாய். காமனுக்குத் தீ வைப்பது எப்போதும் எங்கள் கட்சிக் கைதான். அதைப் பார்த்தபடியே நீ பாடினாய்.

'எரிந்துபோய் முடிந்தானென்றால் இன்றுமேன் தீயெடுத்தீர்
எரிந்தவனை எரிப்பதற்கோ ஆண்டுதோறும் வந்துநின்றீர்'

கங்கா, என் கையில் இருந்த டேப்பு நின்றது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. பதில் தேடினேன். அப்பா பாடிய பாட்டிலெல்லாம் தேடினேன். தீ வைக்கும்போது தேடினேன். மூன்றாம் நாள் பால் தெளித்து, 'எழுந்திரு காமா' என்று கூப்பிடும்போதும் தேடினேன். கிடைக்கவில்லை. விட்டுக்கொடுத்தேன் என்று நினைக்காதே. பதில் இருந்திருந்தால் உன்னை விட்டிருக்கமாட்டேன், அப்பா மேல் ஆணை. நீ தாராளமாக என் வாசலை மிதிக்கலாம்.

குமரவேல் கடைக்குக் கடை உன் பாட்டைச் சொல்லிக்கொண்டு திரிகிறார். 'எங்க தோட்டத்துப் பொண்ணு' என்கிறாராம். என் தங்கை என்று நான் சொல்லும் முன்னால் அவர் சொல்லிவிடுகிறார், அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

தோற்ற கட்சி கைப்பட எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது உனக்குத் தெரிந்த வழக்கம். நானும் மச்சானும் ஒருவரையொருவர் சாய்த்ததே இல்லை, அதனால் இதை எழுதவேண்டி வந்ததில்லை. எழுதுகிறேன். மச்சான் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவை.

ஆயர் மாஸ் தோட்டத்து எரிந்த கட்சி வாத்தியார் காளியண்ணனாகிய நான், ஊரறிய, முழு மனதோடு எழுதிக் கொடுப்பது:

அவர் எரியவில்லை.

இப்படிக்கு,
காளியண்ணன்