டேப் தட்டினால் வரும் பெயர்

அப்பாவுக்கும் கம்ப்யூட்டர் வரும் என்று நம்பிய ஒரே ஆளான என் சுதாகருக்கு,

உன் கம்ப்யூட்டரில்தான் இதை அடிக்கிறேன். இன்னமும் இரண்டு விரல்தான். மற்ற எட்டும் ஓசி டிக்கெட் மாதிரி சும்மா உட்கார்ந்து வருகின்றன. அம்மா சௌக்கியம். காலையில் உன் படத்துக்குக் கதம்பம் போட்டாள். தலையில் பூ வெச்சா கத்துவானேடி என்றேன். முறைத்தாள், பிறகு சிரித்தாள். நான் அதே கடலூர் - சிதம்பரம் பஸ், அதே பை, அதே விசில். உன் தங்கச்சி ரேவதி சிதம்பரத்தில் காலேஜ் இரண்டாம் வருஷம். நீ படித்த அதே கம்ப்யூட்டர் படிப்புதான்.

அவள் விஷயமாகத்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால், நீ எனக்குப் பாடம் எடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? ரெண்டாயிரத்து எட்டு. புரோகிராம் எழுதும் அந்தக் கறுப்புத் திரையில் நீ மூன்றே எழுத்து அடித்து, இடது ஓரத்தில் இருக்கும் டேப் பொத்தானைத் தட்டினாய். பத்து வரி தானாக வந்து விழுந்தது. நான் பின்னால் எட்டிப் பார்த்தேன், யாராவது அடிக்கிறார்களா என்று.

"யப்பா, நீ ஒரு விசில் குடுத்தா டிரைவர் இன்னா பண்றாரு?" என்றாய்.

"வண்டிய நிறுத்துவாரு."

"பிரேக்க மிதி, கியர மாத்து, ஓரங்கட்டுன்னு ஒண்ணொண்ணா சொல்றியா?"

"சொன்னா எறங்கி வந்து ஒதைப்பாரு."

"அதாம்பா இது. டேப்புதான் விசில். மீதிய அது பாத்துக்கும்."

அந்தச் சுருக்கெழுத்தெல்லாம் ஒரு பைலில் இருப்பதைத் திறந்து காட்டினாய். இடப்பக்கம் சின்ன எழுத்து, வலப்பக்கம் அதற்கு வரவேண்டிய முழு வரி. எழுதி சேவ் பண்ணினால் முடிந்தது. எனக்கும் ஒன்று வேண்டும் என்று அடம் பிடித்தேன். பத்தாவது ஆங்கிலத்தை அக்டோபரில் திரும்ப எழுதித் தேறியவனுக்குத் தெரிந்த ஒரே கடிதம் லீவு லெட்டர்தானே. ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர். 'எல்வி' என்று அடித்து டேப் தட்டினால் முழுக் கடிதமும் வரும்படி நானே செய்தேன், என் கையால். தனியார் பஸ் கண்டக்டர் பிரிண்ட் எடுத்து லீவு லெட்டர் கொடுத்தது கடலூரில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். முதலாளி மூன்றாவது கடிதத்தில் கேட்டே விட்டார். "யோவ் கலியபெருமாள், உனக்கு எப்பவும் ஒரே காய்ச்சல்தான் வருமா? மாத்தி எதுனா வராதா?"

உன்னைக் கொண்டுபோனதும் காய்ச்சல்தான். காரியம் முடிந்த மறுநாள் அந்த ஒரு வரியை மட்டும் பைலிலிருந்து எடுத்தேன். மற்றதெல்லாம் நீ வைத்தது. அதில் கை வைக்கவில்லை. யாரையும் வைக்க விடவுமில்லை.

அதுதான் இப்போது வினையாகிவிட்டது. ஒவ்வொரு புரோகிராமுக்கும் மேலே ஒரு தலைப்பு போடுவாயே, புரோகிராம் பெயர், தேதி, எழுதியவர் பெயர் என்று. அதற்கும் சுருக்கெழுத்து வைத்திருக்கிறாய். ரேவதி அதைத் தட்டினால் எழுதியவர் கே. சுதாகர் என்று வருகிறது. போன வாரம் அப்படியே பிரிண்ட் எடுத்து காலேஜில் கொடுத்துவிட்டாள்.

லேபில் எல்லார் முன்னாலும் மேடம் நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார்கள். "யாரும்மா இந்த சுதாகர்? யாருகிட்ட எழுதி வாங்கிட்டு வந்த?" பின்னாலிருந்து யாரோ, "ஆளு மேடம்" என்றதும் வகுப்பே சிரித்திருக்கிறது. இவள் வாயைத் திறக்கவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றுவிட்டார்கள்.

போனேன். சிதம்பரம் ஸ்டாண்டில் வண்டி நிற்கும் நேரத்தில், டிரைவர் மாமாவிடம் பையைக் கொடுத்துவிட்டு, காக்கிச் சட்டையோடு ஓடினேன். அந்த மேடத்துக்கு உன்னைவிட நாலு வயசு கூட இருக்கலாம். உட்காரச் சொன்னார்கள். அந்தப் பேப்பரை என் பக்கம் திருப்பி உன் பெயரைக் காட்டினார்கள்.

"இது யாரு சார்?"

"எம் பையன் மேடம்."

"அவருதான் எழுதிக் குடுக்கிறாரா?"

"இல்ல மேடம். அது தானா வருது. நாம ஒரு விசில் குடுத்தா டிரைவர் வந்து..." என்று ஆரம்பித்தேன். நீ சொன்னபோது எவ்வளவு அழகாக இருந்தது! என் வாயில் அது பஸ் கதையாகவே போய்விட்டது. மேடம் பாவம், எந்த ஸ்டாப்பில் இறங்குவது என்று தெரியாமல் என்னையே பார்த்தார்கள்.

"சரி, அவரை ஒரு நாள் வரச் சொல்லுங்க. நான் பேசுறேன்."

பக்கத்தில் நின்ற ரேவதி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், "அவன் வெளியூர்ல இருக்கான் மேடம்."

"அப்ப போன்ல சொல்லிடுங்க, தங்கச்சிக்கு இனிமே எழுதித் தர வேணாம்னு. மார்க்க இப்ப நிறுத்தி வெச்சிருக்கேன். திங்கக்கிழமை அவளே சொந்தமா எழுதி எடுத்துட்டு வரட்டும்."

"சொல்லிடறேன் மேடம்" என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். உன்னிடம் எந்த போனில் சொல்வது?

திரும்பும்போது ரேவதியை என் வண்டியிலேயே முன் சீட்டில் உட்கார வைத்தேன். பி.முட்லூர் தாண்டியதும் கேட்டாள்.

"ஏம்பா அப்டி சொன்ன?"

"வாயில வரலம்மா. புதுச்சத்திரம் யாருப்பா, எறங்குறவங்க முன்னால வா!"

"என்னைய காப்பி அடிச்சவன்னு நெனச்சிட்டாங்க. ராவெல்லாம் ஒக்காந்து நான் எழுதினதுப்பா அது."

"தெரியும்மா. பேர மாத்த மறந்துட்டே, அவ்ளோதான?"

"மறக்கலப்பா." சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "டேப்ப தட்டினா அண்ணன் பேரு வரும். ஒவ்வொரு தடவையும் அத அழிச்சிட்டு எம் பேரப் போடணும். தெனம் தெனம் நான் அண்ணன அழிக்கிறேம்பா. இந்த வாட்டி முடியல. உட்டுட்டேன்."

ஆலப்பாக்கத்தில் விசில் கொடுக்க மறந்துவிட்டேன். இறங்கவேண்டிய ஒரு அம்மா என்னை ஏசிய ஏச்சு இருக்கிறதே, அதை எழுதினால் அச்சில் போட மாட்டார்கள். அன்றைக்கு எனக்கு அது இதமாகத்தான் இருந்தது.

நீ வைத்தது நீ வைத்தபடியே இருக்கட்டும் என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன். அந்தப் பாரத்தை அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் தூக்கியிருக்கிறாள். அழிக்கத்தான் வேண்டுமென்றால் ஒரே தடவை அழிக்கிறேன், பெற்றவன் கையால் அழிக்கிறேன் என்று இன்று காலை அந்தப் பைலைத் திறந்தேன். ரேவதி பக்கத்தில் நின்றாள். அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

பெயர் முழுவதையும் பிடித்து ஒரே தட்டில் எடுக்கலாம். நீ சொல்லித் தந்ததுதான். மனசு வரவில்லை. கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தேன். முன்னால் இருக்கும் இனிஷியல் வந்ததும் கை நின்றது. அது என் எழுத்து. அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அந்தச் சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.

"எம் பேர அடிப்பா" என்றாள்.

"நீயே அடிம்மா."

"ஊஹூம். நீ அடி."

அடித்தேன். ஒரு எழுத்தை விட்டுவிட்டேன், அவள் சொல்லித் திருத்தினேன். சேவ் பண்ணிவிட்டு எழுந்தேன். அவள் உட்கார்ந்து டேப்பைத் தட்டினாள். அவள் பெயர் வந்தது. அதற்குக் கீழே நீ எழுதி வைத்த வரிகளெல்லாம், நீ விட்ட இடைவெளிகூட மாறாமல், வந்து நின்றன.

"வந்துச்சா?" என்றாள் அம்மா.

"வந்துச்சும்மா" என்றாள் ரேவதி.

என்ன வந்தது என்று அம்மா கேட்கவில்லை. கரண்டியோடு உள்ளே போய்விட்டாள்.

ஆனால் பெயரை மாற்றியதோடு தீராது, சுதாகர். மேடம் கணக்கில் நீ இன்னும் எங்கேயோ வெளியூரில் உட்கார்ந்து தங்கைக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பொய்யாகவாவது நீ ஒரு ஊரில் இருக்கிறாய். அதற்காக இவள் திருடிப் பட்டம் சுமக்க முடியுமா?

உனக்கு ஆனதை நான் இதுவரை யாரிடமும் என் வாயால் சொன்னதில்லை. கேட்டவர்களுக்கு அம்மா சொன்னாள், டிரைவர் மாமா சொன்னார். நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். நாளைக்குக் காலேஜுக்குப் போய் நானே சொல்லப் போகிறேன். "எம் பையன் செத்துட்டான் மேடம். அந்தப் புரோகிராம எம் பொண்ணுதான் எழுதினா." முதல் வரியைச் சொல்லாவிட்டால் இரண்டாவதை யாரும் நம்ப மாட்டார்கள். அழுதாலும், நடுவில் நின்றுபோனாலும், இரண்டையும் சொல்லி முடிக்காமல் அந்த அறையை விட்டு வெளியே வரமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உனக்கும் ரேவதிக்கும் அப்பா,
கலியபெருமாள்