பெஞ்சிலேயே குணமானவர்கள்

ஜூலை 3, புதன்

எழுபத்தொரு வயதில் எனக்கு எழுத்து வந்திருக்கிறது! முதியோர் வகுப்பில் தந்த நோட்டில் இது முதல் பக்கம்; அட்டையில் ஆதிமூலம் என்று என் பெயரை நானே எழுதினேன். ஒரு காலத்தில் மில்லில் தறி ஓட்டினேன். இப்போது உப்பளம் பகுதியில், மனநல ஆலோசகர் கார்குழலி அம்மாவின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர் பெயரைப் பதிவேட்டில் எழுதுகிறேன். அவர் பெயரில் வரும் 'ழ'வைப் போடுவதற்குள் கை வியர்க்கிறது. ஆனாலும் என்ன அழகு!

ஜூலை 5, வெள்ளி

"நான் டாக்டர் இல்லீங்க" என்கிறார் கார்குழலி அம்மா. நான் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறேன். எட்டு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். ஒருவர் பேச்சை ஒரு மணி நேரம் முழுதாகக் கேட்க ஆசைப்பட்டு, வேலையை விட்டு இந்த அறையை எடுத்தாராம். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. ஆகஸ்டுக்குள் ஆள் சேராவிட்டால் அறையைக் காலி செய்துவிடுவாராம். அப்புறம் இந்தப் பதிவேடு?

ஜூலை 9, செவ்வாய்

சேதராப்பட்டிலிருந்து சாமிக்கண்ணு வந்தார். கம்பெனி வேலை. தூக்கம் வரவில்லையாம்.

"ஒரு ஊசியாவது போடுவாங்களா பெரியவரே?"

"மொதல்ல உக்காரு. என்னா விஷயம்?"

சூப்பர்வைசர் திட்டியதைச் சொல்லி அழுதார், மூக்கைச் சிந்தினார், "இப்ப தேவலாம்" என்று பஸ் ஏறிவிட்டார். தறிச் சத்தத்தில் என் காது பாதி போய்விட்டது. மில்லில் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிப்போம். அதே பழக்கத்தில் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவருக்கு அது பிடித்துவிட்டது போல.

ஜூலை 10, புதன்

இன்றும் ஒருவர். குணம்!

ஜூலை 18, வியாழன்

இந்த வாரம் ஐந்து பேர் பெஞ்சிலேயே குணம். அஞ்சலாட்சிக்கு மருமகளோடு சண்டை. "தனி அடுப்பு வெச்சிடு தாயி" என்றேன். சிரித்துக்கொண்டே போனார். டாக்டரம்மா உள்ளே தொந்தரவில்லாமல் புத்தகம் படிக்கிறார்.

ஜூலை 26, வெள்ளி

மாட்டிக்கிட்டேன். டாக்டரம்மா பதிவேட்டைப் புரட்டினார். பதினாறு பெயர், உள்ளே போனவர் நாலு பேர்.

"மத்தவங்கல்லாம் எங்க ஐயா?"

"கொணமாயிட்டாங்கம்மா." பெருமையாகத்தான் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து அஞ்சலாட்சி படியேறி வந்தார். "ஒன் பேச்ச கேட்டு தனி அடுப்பு வெச்சேன். இப்ப என் புள்ளையும் பேசமாட்டேங்குறான்யா!"

டாக்டரம்மா அவரை உள்ளே அழைத்துப் போனார். ஒரு மணி நேரம். ஆளு வரலன்னு அவங்க தவிக்கிறாங்க, வந்த ஆள அனுப்பிவிட்டது நானா? என்னா காரியம் பண்ணிட்டேன்!

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "யோசன சொல்ற பழக்கத்த விட எனக்கே மூணு வருஷம் ஆச்சுங்க. இனிமே பேர் மட்டும் கேளுங்க."

ஜூலை 29, திங்கள்

பேசவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டேன். பேசவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சாமிக்கண்ணு மறுபடியும் வந்தார். தூக்கம் மறுபடியும் போய்விட்டதாம். என்னிடம் ஆரம்பித்தார். நான் உள்ளே கைகாட்டினேன்.

"என்னா பெரியவரே, பல்செட்ட தொலைச்சிட்டியா?"

பெஞ்சில் இன்று மூன்று பேர். வாயை மூடி உட்கார்ந்தால் நம் பேச்சு நமக்கே கேட்கிறது. மில் மூடிய பிறகும் ஏழு மாதம் டிபன் பாக்ஸோடு கிளம்பினேன். கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஷிப்ட் முடியும் நேரத்துக்கு வீடு திரும்பினேன். வீட்டுக்காரி செல்வாம்பாள் தினமும் கட்டிக் கொடுத்தாள். கடைசிவரை அவளிடம் சொல்லவில்லை. அவள் போயே ஆறு வருடம். இத இப்ப யார்கிட்ட சொல்றது?

ஆகஸ்ட் 30, வெள்ளி

டாக்டரம்மா அறையை விடவில்லை. பதிவேட்டில் அடுத்த வாரப் பக்கம் நிறைந்துவிட்டது, புதன் நாலு மணியைத் தவிர. அதில் ஒரு பெயரை நிதானமாக எழுதினேன். ஆதிமூலம்.

டாக்டரம்மா படித்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"அன்னிக்கு வெளிய யாருங்க ஐயா இருப்பாங்க?"

"பெஞ்சு மட்டும் இருக்கட்டும்மா. அது யோசன சொல்லாது."