அப்பாவுக்கு வாங்கிய ரிமோட்

உ
ஒச்சாண்டம்மன் துணை

விளாங்குடி

அன்பு மகள் சரண்யாதேவிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்தக் குளிரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கே நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால் நடந்ததை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, அப்பாவுக்கு வாங்கிய ரிமோட் எப்படி இருக்கிறது, சரியில்லை என்றால் இங்கிருந்து நல்லதாக அனுப்பட்டுமா என்று கேட்டாய், நான் பேச்சை மாற்றிவிட்டேன். அவர் பக்கத்தில் இருந்தார். பேச்சுதான் போனதே தவிர காதும் புத்தியும் அப்படியே இருக்கின்றன. அவருக்குத் தெரியாமல் சொல்ல வேறு வழியில்லை, அதான் கடிதம். பக்கத்து வீட்டுப் பாண்டிமீனா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள்.

சித்திரையில் வாதம் வந்து அப்பாவுக்கு வலது கையும் பேச்சும் போனபோது நீ வந்து பார்த்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு அவருக்கு இருந்த ஒரே பொழுது நீ மாட்டிக்கொடுத்த ஹோம் தியேட்டர்தான். ஆனால் டிவிக்கு ஒன்று, கேபிள் பெட்டிக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று என்று மூன்று ரிமோட். இடது கையில் எதையாவது மாற்றி அமுக்கிவிடுவார், படம் போய் நீலமாக நின்றுவிடும். நான் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூப்பிடவும் முடியாது, சரிசெய்யவும் முடியாது. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று ஆரப்பாளையத்தில் கத்தினால் இங்கே கேட்கும் என்று பேர் வாங்கிய மனுஷர். ஒருநாள் ஸ்பீக்கர் ரிமோட்டைச் சுவரில் எறிந்துவிட்டார், மூடி உடைந்துவிட்டது, ரப்பர் போட்டுக் கட்டி வைத்தேன். எறிந்துவிட்டு அழுதார். எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

மறுநாளே மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு கோரிப்பாளையத்தில் ஒரு ரிமோட் கடைக்குப் போனேன். எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட், விலை கம்மியாக வேண்டும் என்றேன். கடைக்காரப் பாய் முதலில் யாருக்கு என்று கேட்டார். சொன்னதும் எடுத்து வைத்திருந்த இரண்டை உள்ளே தள்ளிவிட்டார். ஒன்று விலை கூடியது, ஒரே அமுக்கில் எல்லாம் ஓடுமாம், ஆனால் போனில் என்னென்னவோ செட் பண்ண வேண்டும். இன்னொன்று ரொம்ப மலிவு, எள்ளு எள்ளாக அம்புட்டு பட்டன். "இது ரெண்டும் வேணாம்மா. பழைய ரிமோட்ட பாத்துப் படிச்சுக்கிறது ஒண்ணு இருக்கு, பட்டன் பெருசு. நீங்க எல்லாத்தயும் போட்டு விட்டுட்டுப் போங்க, அண்ணனுக்குச் சேனலும் சத்தமும் போதும்ல" என்றார். ரிமோட்டுகளை எதிரெதிரே வைத்து ஒவ்வொரு பட்டனாகப் படிக்க வைத்தார், வேண்டாத பட்டன் மேல் டேப் ஒட்டிக் கொடுத்தார். நம் கைக்கு அடங்கிய விலைதான்.

இரண்டே நாளில் அப்பா பழகிவிட்டார். மூன்றாம் நாள் நான் அடுப்படியில் இருக்கும்போது வீடே அதிர்கிற மாதிரி சத்தம். கோபத்தில் போனேன். நான் வாசலில் தலை காட்டியதும் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பைக் கண்ணால் காட்டினார். செம்பை எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அதுதான் அவர் என்னைக் கூப்பிடுகிற சத்தம். ராத்திரி பகல் அந்த ரிமோட்டைக் கையை விட்டு இறக்க மாட்டார்.

போன மாதம் மருந்துக்கடைக்குப் போனேன். வெளியே தாழ்ப்பாள் மட்டும் போட்டிருந்தேன். மருந்துக்காரர் இல்லை, காத்திருந்தேன். அதற்குள் கட்டிலை விட்டு விழுந்திருக்கிறார். விழுந்தவர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். அன்று டிவியில் ஏதோ சிரிப்பு நிகழ்ச்சி. எதிர்வீட்டு முத்திருளன் அண்ணன் சண்டை போட வந்து ஜன்னலில் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்து உள்ளே ஓடியிருக்கிறார். "என்னய்யா இம்புட்டு சத்தம்னு வைய வந்தேன் தங்கச்சி, பாத்தா தரையில கெடக்காரு, கையில ரிமோட்டு" என்று அவர்தான் என்னிடம் சொன்னார். நான் வந்து சேர்ந்ததும் ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நீ போன் பண்ணிய நாட்களில் அப்பா தூங்குகிறார் என்று சொன்னேன், அது ஆஸ்பத்திரியில்.

உயிர் தப்பிவிட்டது. ஆனால் விழுந்ததால் வாதம் வரவில்லை, மறுபடி வாதம் வந்ததால்தான் விழுந்தாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் இடது கையும் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் ரிமோட்டைத்தான் பார்த்தார். உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிவிட்டேன். கட்டைவிரல் பட்டன் மேல் கிடக்கிறது, அமுங்கவில்லை. நெற்றியில் வேர்க்க வேர்க்க முயற்சி பண்ணினார். நான் பேட்டரி தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வாரேன் என்று சொன்னேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குத் தெரியாதா.

அதனால் நீ அங்கிருந்து எதுவும் அனுப்பாதே. கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறேன், வெளி வேலையெல்லாம் பாண்டிமீனா செய்கிறாள். வாதம் இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லீவு கிடைக்கும்போது வாரேன் என்று சொல்லாதே தாயி, கேட்டு வாங்கிக்கொண்டு வா. வந்ததும் எப்படி இருக்கீங்கப்பா என்று கேட்டு நிற்காதே. பக்கத்தில் உட்கார்ந்து நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டே இரு, அவர் கேட்பார்.

பேரனுக்கு முத்தம். மூவரும் நீண்ட ஆயுளோடு ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும். டிக்கெட் போட்டதும் அப்பா காதில் விழும்படி போனில் சொல், நான் பக்கத்தில் பிடித்துக்கொள்கிறேன்.

உன் அம்மா
முனீஸ்வரி கருத்தக்கண்ணன்